பதினான்கு மாத இடைவெளி

லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் மவுண்ட் வாஷிங்டன் என்றொரு குன்றுப் பகுதி. அங்கிருந்த ஒரு வீட்டில், 1950களில் அணுகுண்டுக்குப் பயந்து யாரோ கட்டிவைத்த பதுங்கறை ஒன்று இருந்தது. குண்டு விழவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 2002இல், அந்த அறைக்குள் ஒருவர் பழைய இசைத்தட்டுகளைக் குவித்துவைத்துக்கொண்டு இரவு பகல் பாராமல் வேலை செய்துகொண்டிருந்தார். மேலே, வெளித்தளத்தில் உட்கார்ந்து இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கீழே இருந்து ஒரு பீட் வரும். மேலே இருப்பவர் அதைக் கேட்டபடி வரிகளைக் கட்டுவார். இருவரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது உடனிருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

கீழே இருந்தவர் மேட்லிப். இயற்பெயர் ஓட்டிஸ் ஜாக்சன் ஜூனியர். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் 1973இல் பிறந்தவர். மேலே இருந்தவர் எம்.எஃப். டூம். லண்டனில் 1971இல் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்த டேனியல் டூமிலே. மேட்லிப்பின் பெயரையும் டூம் தம்மைச் சொல்லிக்கொள்ளும் 'வில்லன்' என்ற பட்டத்தையும் கலந்து 'மேட்வில்லன்' என்று வைத்துக்கொண்டார்கள். 'மேட்வில்லனி' என்ற அவர்களுடைய ஆல்பம் 2004 மார்ச் 23 அன்று வெளிவந்தது. வில்லன் என்ற சொல்லைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டிய சொல் 'புரொடியூசர்'. நமக்குப் புரொடியூசர் என்றால் பணம் போட்டுப் படம் எடுப்பவர். ஹிப் ஹாப்பில் அவர்தான் இசையை உண்டாக்குபவர். பெரும்பாலும் கையில் காசு இல்லாதவர்.

காசு இல்லாத கதைக்கு இந்த ஆல்பமே சாட்சி. மேட்லிப்பின் இசையை வெளியிட்டுவந்த ஸ்டோன்ஸ் த்ரோ ஒரு சிறிய நிறுவனம். அதை நடத்தியவர்கள் வசித்ததும் அலுவலகம் வைத்திருந்ததும் அதே வீட்டில்தான். தாம் சேர்ந்து வேலை செய்ய விரும்புபவர்கள் இரண்டே பேர், புரொடியூசர் ஜே டில்லா, டூம் என்று மேட்லிப் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த டூமுக்கு நண்பர் ஒருவர் வழியாகப் பீட்டுகள் அடங்கிய சி.டி.கள் போயின. டூம் விமானம் ஏறி வந்தார். அவருடைய ஆள் முதலில் 1,500 டாலரை எடுத்து வைக்கச் சொன்னார். நிறுவனத்தைக் கவனித்துக்கொண்டவரிடம் அது இல்லை. படுக்கையறையும் அலுவலகமும் ஒன்றாக இருந்த அந்த அறையில் அவர் சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், டூம் நேராகப் பதுங்கறைக்குப் போய் மேட்லிப்போடு உட்கார்ந்துவிட்டார். ஒப்பந்தம் கடைசியில் ஒரு காகிதத் தட்டில் எழுதிக் கையெழுத்தானது.

டூம் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு முறை தொலைந்து திரும்பிய மனிதராக. 1990களின் தொடக்கத்தில் தம்பி சப்ராக்குடன் 'கே.எம்.டி.' குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1993இல் தம்பி விபத்தில் இறந்தார். முடித்து வைத்திருந்த இரண்டாம் ஆல்பத்தை வெளியிடாமலே பெரிய நிறுவனம் குழுவைக் கைகழுவியது. சில ஆண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். 1999இல் முதல் தனி ஆல்பம். பிறகு உலோக முகமூடியே முகமாயிற்று. முகம் விலைபோகும் தொழிலில் முகத்தைத் தராமல் குரலை மட்டும் தந்தவர்.

மெட்டுக்குப் பாட்டெழுதுவது நமக்குப் பழகிய தொழில்தான். ஆனால் ஹிப் ஹாப்பில் மெட்டு என்பது வேறொருவர் எப்போதோ பதிவுசெய்த தட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. மேட்லிப்பின் கையில் அன்று இருந்தது எஸ்பி-303 என்னும் சிறு பெட்டி. எட்டு ரப்பர்ப் பொத்தான்கள். அலைவடிவத்தைக் காட்டும் திரை எதுவும் கிடையாது. எங்கே வெட்டுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். 2002இன் பிற்பகுதியில் பிரேசிலுக்குப் போனவர், சாவோ பாவ்லோ நகரின் ஒரு ஓட்டல் அறையில் கையடக்கத் தட்டு சுழற்றி, இந்தப் பெட்டி, ஒரு டேப் டெக் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு சில பீட்டுகளை முடித்தார். 'ரெய்ட்', 'ஸ்ட்ரேஞ்ச் வேஸ்', 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' ஆகியவை அங்கே பிறந்தவை. 'ரெய்ட்' தொடங்கும் இடத்தில் கேட்கும் பியானோ பில் எவன்ஸ் உடையது. 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' பிரேசில் பாடகி மரியா பெத்தானியாவின் பாட்டொன்றின் மேல் நிற்கிறது.

அந்தப் பயணத்தின்போதுதான் ஒரு விபரீதம் நடந்தது. பாதி முடிந்த ஆல்பத்தின் டெமோ கைமாறி இணையத்தில் கசிந்தது. வெளியீட்டுக்கு 14 மாதம் இருந்தது. அன்றைய கணக்கில் அது மரண அடி. யாரும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை என்ற எண்ணத்தில் இருவரும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். 2003இல் டூம் வேறு இரண்டு பெயர்களில், கிங் கீடோரா என்றும் விக்டர் வான் என்றும், இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். மேட்லிப் ஜே டில்லாவோடு சேர்ந்து 'சாம்பியன் சவுண்ட்' முடித்தார்.

பிறகு திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தபோது டூம் செய்தது எளிய காரியம்: பாடியதை மீண்டும் பாடினார். டெமோவில் குரல் சற்று உயர்ந்து, துள்ளலாக, எட்டிப் பிடிக்கும் வேகத்தில் இருக்கும். ஆல்பத்தில் அதே வரிகள் தாழ்ந்த குரலில், இழுத்து, உறங்கி எழுந்தவர் பேசுவதுபோல வருகின்றன. அந்தக் கரகரப்புதான் பின்னாளில் டூமின் அடையாளம் என்று உலகம் அறிந்தது. 22 பாட்டுகள், மொத்தம் 46 நிமிடம். பல பாட்டுகளில் பல்லவி என்ற ஒன்றே இல்லை. இரண்டு நிமிடத்தில் வந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்த 14 மாதம் வீணாய்ப் போன காலம் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆல்பத்தை ஆல்பமாக்கியது அதுதான் என்பது என் கட்சி.

அதே 2004இல், ஆகஸ்டில், இன்னொரு ஆல்பம் வந்தது. 'தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் இருவர் செய்த 'கனெக்டட்'. வட கரோலினாவின் ராப்பர் ஃபாண்டே, நெதர்லாந்தின் புரொடியூசர் நிக்கோலே. நிக்கோலே ஒரு பீட்டைக் கணினி வழியே அனுப்புவார். ஃபாண்டே குரல் பதிந்து திருப்பி அனுப்புவார். ஆல்பம் முடியும்வரை இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அன்று அது ஒரு வேடிக்கைச் செய்தி. ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் முதல் வரியில் அதைத்தான் சொன்னார்கள். இன்று ஒரு ராப்பரும் புரொடியூசரும் சந்திக்காமலே ஆல்பம் முடித்தால் அதைச் செய்தி என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஆகவே, அன்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடி இசைத்தார்கள், இன்று தனித்தனித் தீவாகிவிட்டார்கள் என்று ஏங்குவதற்கில்லை. 'சாம்பியன் சவுண்ட்' கூடப் பாதி தபாலில் உருவானதுதான். டில்லாவின் டெட்ராய்ட்டுக்கும் மேட்லிப்பின் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் இடையே பீட்டுகள் பயணப்பட்டன. ஒரே வீட்டில் இருந்த மேட்லிப்பும் டூமும்கூட ஒரு மாடிப்படி தூரத்தில் தனித்தனியாகத்தான் இருந்தார்கள். தூரம் அன்றும் இருந்தது. மாறியது அனுப்பியதற்கும் பதில் வருவதற்கும் நடுவே கிடந்த நேரம்.

மேட்லிப்பையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இண்டியானா மாநிலத்தின் கேரி என்னும் எஃகு ஆலை ஊரிலிருந்து வந்த ஃப்ரெடி கிப்ஸோடு அவர் 2014இல் 'பின்யாட்டா' செய்தார். 2019 ஜூனில் அதே இருவரின் 'பண்டானா' வந்தது, இம்முறை ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாக. அந்த ஆல்பத்தின் பீட்டுகளை ஐபேடிலேயே செய்ததாக மேட்லிப் சொன்னபோது, பழைய பெட்டிகளை மாலை போட்டு வணங்கும் கூட்டம் கொஞ்சம் அதிர்ந்தது. பதுங்கறை, தட்டுக் குவியல், எட்டுப் பொத்தான் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கண்ணாடிப் பலகையாகிவிட்டது. கேட்டுப் பார்த்தால் சத்தத்தில் வித்தியாசம் சொல்ல முடியாது. அதே தூசி, அதே நொண்டி நடை. தூசி பெட்டியில் இல்லை, ஆளின் காதில் இருந்திருக்கிறது.

'பண்டானா'விலும் காத்திருப்பு உண்டு. அது யாரும் விரும்பி ஏற்ற காத்திருப்பு அல்ல. 2016இல் ஒரு வழக்கில் கிப்ஸ் ஆஸ்திரியச் சிறையில் வைக்கப்பட்டார். பிறகு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆல்பத்தின் வரிகளில் பெரும்பகுதியை அந்தச் சிறை நாட்களில் எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். இசைக்கருவி கைக்குள் அடங்கிப்போன காலத்திலும் எழுதுகிறவன் ஓரிடத்தில் அடைபட்டிருந்தால்தான் சில வரிகள் வரும் போலும். இப்படிச் சொல்வது எனக்கே பிடிக்கவில்லை. யாரும் நல்ல பாட்டுக்காகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை.

2020இல் கிப்ஸ் இன்னொரு புரொடியூசரான தி ஆல்கெமிஸ்டோடு 'ஆல்ஃப்ரெடோ' வெளியிட்டார். 10 பாட்டு, 35 நிமிடம். சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருதை வென்றது நாஸ் பாடிய 'கிங்ஸ் டிசீஸ்'. அதுவும் ஹிட்-பாய் என்ற ஒரு புரொடியூசரோடு கைகோத்துச் செய்த ஆல்பம். இதில் ஒரு வட்டம் இருக்கிறது. 1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' வந்தபோது எரிக் பி., ராக்கிம் என்று ஒரு டி.ஜே.யும் ஒரு ராப்பருமே ஒரு குழு, அட்டையில் டி.ஜே. பெயர்தான் முதலில். 1994இல் இதே நாஸின் 'இல்மேட்டிக்' வந்தது. பீட் ராக், டி.ஜே. பிரிமியர், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர் என்று ஒரே ஆல்பத்துக்குப் பலர் இசை. அதன் பிறகு ஆளுக்கொரு பாட்டு வாங்கிக் கோப்பதே வழக்கமானது. அந்த வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில்தான் 'மேட்வில்லனி' ஒற்றைக் கையால் நெய்த துணிபோல வந்தது. இன்று நாஸே திரும்பி வந்து, 2020க்கும் 2023க்கும் இடையில் ஹிட்-பாய் ஒருவரோடே ஆறு ஆல்பங்கள் செய்திருக்கிறார்.

ஆறு ஆல்பம், ஏறத்தாழ மூன்று ஆண்டு. டூமும் மேட்லிப்பும் சேர்ந்து செய்தது ஒன்றே ஒன்று. இரண்டாவது வரும் வரும் என்று பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் முதல் ஆல்பத்தையே மேட்லிப் வேறு இசையில் மாற்றி அமைத்து ஒன்று வந்தது, அவ்வளவுதான். நாஸின் ஆறையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பதுகளின் பிற்பகுதியில் ஒருவர் இத்தனை தெளிவாக, இத்தனை இடைவிடாமல் பாடுவதற்கு இன்றைய வேகம்தான் இடம் கொடுத்தது. ஆனால் அவற்றில் எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

மறைத்து வைக்கும் கலையும் போயிற்று. 1970களில் பிராங்க்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்த்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். எந்தப் பாட்டை வாசிக்கிறார் என்று பக்கத்து டி.ஜே.க்குத் தெரியக் கூடாது. தட்டு தேடி அலைவதே அந்தத் தொழிலில் பாதி. மேட்லிப் 2007இல் இந்தியத் திரையிசைத் தட்டுகளை வெட்டி ஒட்டி ஒரு முழு ஆல்பமே வெளியிட்டார். பழைய பாட்டில் ஊறிய ஒரு காதுக்கு அதைக் கேட்பது, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் நினைவு வராமல் நிற்பது மாதிரி. இன்று அந்த அவஸ்தை இல்லை. ஃபோனைத் தூக்கிக் காட்டினால் சில நொடியில் பெயர் வந்துவிடும். எந்தப் பாட்டில் எந்தத் துண்டு என்ற பட்டியல்கள் விரல் நுனியில் கிடக்கின்றன. அசல் இசைக்கலைஞர்களின் பெயர் வெளியே வந்தது நியாயம். பலருக்குச் சேர வேண்டிய பணம் சேர இது வழிசெய்திருக்கிறது. 1991இல் ஒரு ராப்பர் அனுமதி வாங்காமல் துண்டு எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிபதி கண்டித்துத் தீர்ப்பளித்த பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் விலை என்றானது. அன்று சின்ன நிறுவனங்கள் யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கொண்டன. இன்று கணினி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

விற்பனைக் கணக்கு இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் 2004இல் விற்ற சி.டி.கள் ஏறத்தாழ 76 கோடியே 70 லட்சம். வினைல் ஆல்பங்கள் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டின, டி.ஜே.க்களும் பிடிவாதக்காரர்களும் மட்டும் வாங்கிய பொருள். 2022இல் சி.டி. சுமார் 3 கோடியே 30 லட்சம், வினைல் 4 கோடியே 10 லட்சம். 1987க்குப் பிறகு முதன்முறையாக வினைல் எண்ணிக்கையில் சி.டி.யை முந்தியது. இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்பவர்கள் ஸ்ட்ரீமிங்குக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு. 'மேட்வில்லனி' வந்த வாரத்தில் அமெரிக்க ஆல்பம் வரிசையில் 179ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. விற்றது ஏறத்தாழ 1,50,000 பிரதி. அந்தச் சிறு நிறுவனத்துக்கு அதுவே அதுவரை காணாத உயரம். அதே வரிசையில் 'ஆல்ஃப்ரெடோ' 15ஆம் இடத்தில் தொடங்கியது. எட்டாத இடங்களை இந்த வகை இசை இன்று எட்டியிருக்கிறது. அன்று 'மேட்வில்லனி'யை வாங்கியவர் அந்த வாரம் முழுக்க அதையே கேட்டிருப்பார், காசு கொடுத்தாயிற்றே. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து கேசட்டை வாங்கி வந்து, நாடா தேயும்வரை கேட்ட தலைமுறைக்கு இந்த ஏற்பாடு புரியும். பிடிக்காத பாட்டும் நாலாவது தடவையில் பிடித்துப்போகும். இன்று பத்தாவது நொடியில் கட்டைவிரல் தள்ளிவிடுகிறது.

டூம் 2020 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இறந்தார். வயது 49. 2010இல் அமெரிக்காவுக்குள் திரும்ப அனுமதி மறுக்கப்பட்டு, பிறந்த நாட்டிலேயே தங்க நேர்ந்தவர். எந்தச் செய்தியும் நொடியில் பரவும் காலத்தில் அவர் இறந்த செய்தியை உலகம் இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 31 அன்று, மனைவி எழுதிய அறிவிப்பில் அறிந்தது. முகமூடி கடைசிவரை விலகவில்லை என்று அப்போது தோன்றியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸைச் சூழ்ந்த காட்டுத்தீயில் மேட்லிப்பின் வீடு எரிந்தது. பல பத்தாண்டு சேர்த்த இசையும் கருவிகளும் அதோடு போயின.

இவை இரண்டுக்கும் நடுவில், 2024இல், ஆல்பத்தின் இருபதாம் ஆண்டையொட்டி, கசிந்த அந்த டெமோவை ஸ்டோன்ஸ் த்ரோவே முறையாக வெளியிட்டது. அன்று ஆல்பத்தைக் கொல்லப் பார்த்த பதிவு இன்று வினைலாக, அட்டையோடு, விலையோடு வருகிறது. அன்று அதைத் திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்டவர்களே இன்று வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வயதும் சம்பளமும் கூடியிருக்கும் இல்லையா.

ஒரு ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். டெமோவில் 'ஃபிகரோ'. துள்ளும் குரல், முப்பதைத் தொட்டவனின் அவசரம், ஒவ்வொரு எதுகையிலும் இதைப் பிடித்தாயா என்ற எக்களிப்பு. பிறகு ஆல்பத்தின் 'ஃபிகரோ'. அதே வரி, அதே பீட். பாடுகிறவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிடித்தால் பிடி, இல்லாவிட்டால் போ என்கிற குரல். அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மாறிக் கேட்க ஒரு தொடுதல் போதுமாயிருந்தது. கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஃபோன் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. நான் கேட்காத யாரோ ஒருவருடைய பாட்டைத் தானாகவே தொடங்கிவிட்டது.